ஆங்கிலத்தில் ‘பாம்’: பனையா, தென்னையா, உள்ளங்கையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி, ஏ, எல், எம் என்ற நான்கு எழுத்துச் சொல் ஒன்று ஆங்கிலத்தில் மரத்துக்கும் உள்ளங்கைக்கும் வெற்றிக்கும் லஞ்சத்துக்கும் வருகிறது. பனையும் தென்னையும் கமுகும் அருகருகே நிற்கும் குமரி மாவட்டத்தில் இந்தச் சொல்லை எழுத வேண்டிய தேவை அடிக்கடி வருகிறது: கருப்பட்டிக்கு லேபிள், குருத்தோலை ஞாயிறுக்கு நோட்டீஸ், பள்ளிக்கூடக் கட்டுரை, நாற்றுப்பண்ணை விலைப்பட்டியல். அவற்றில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

‘பாம்’ என்றால் பனைதானே?

இல்லை. அது ஒரு மரத்தின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். தாவரவியலில் அரிக்கேசி என்று அழைக்கப்படும் அந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,600 இனங்கள் உள்ளன. பனை, தென்னை, கமுகு, ஈச்சை, பேரீச்சை, எண்ணெய்ப்பனை, ஏன், நாற்காலி பின்னும் பிரம்புகூட அந்தக் குடும்பம்தான். ‘பாம் ட்ரீ’ என்று மட்டும் எழுதினால் லண்டனில் வாசிப்பவர் மனதில் கடற்கரைத் தென்னை வரும்; துபாயில் வாசிப்பவருக்குப் பேரீச்சை வரும். நம் பனை இருவர் மனதிலும் வராது.

அதனால் எங்கள் முதல் அறிவுரை எப்போதும் ஒன்றுதான்: மரத்தின் பெயரை முன்னால் சேர்த்து எழுதுங்கள். கீழே வரும் குழப்பங்களில் பாதிக்குமேல் அந்த ஒரு சொல்லை விட்டதால் வருபவை.

அப்படியானால் எந்த மரத்துக்கு எந்தப் பெயர்?

பனைக்கு ‘பால்மைரா பாம்’, அல்லது ‘பால்மைரா’ மட்டும். அறிவியல் பெயர் பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர். இரண்டாம் பகுதிக்கு ‘விசிறி தாங்கி’ என்று பொருள். பழைய புத்தகங்களில் ‘டாடி பாம்’ என்றும் இருக்கும். அதைத் தவிர்க்கலாம், ஏனென்றால் கள் இறக்கும் வேறு மரங்களுக்கும் அதே பெயர் வழங்குகிறது.

தென்னைக்கு ‘கோகனட் பாம்’ என்றாலும் ‘கோகனட் ட்ரீ’ என்றாலும் சரி. அறிவியல் பெயர் கோகோஸ் நியூசிஃபெரா. ஈத்தாமொழி நெட்டை போன்ற ரகத்தை எழுதும்போது ஊர்ப்பெயரோடு ‘டால்’ சேர்த்து, ‘ஈத்தாமொழி டால் கோகனட்’ என்று எழுத வேண்டும். புவிசார் குறியீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

கமுகில்தான் நாற்றுப்பண்ணைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். பாக்குக் காய்க்கும் கமுகு, அதாவது அரிக்கா கட்டெச்சு, ‘அரிக்கா நட் பாம்’. வீட்டு வரவேற்பறையில் தொட்டியில் வைக்கும் மஞ்சள் தண்டுச் செடியைக் கடைகளில் ‘அரிக்கா பாம்’ என்று விற்கிறார்கள். அது மடகாஸ்கரைச் சேர்ந்த டிப்சிஸ் லூட்டெசென்ஸ் என்ற வேறு செடி. அதில் பாக்கு காய்க்காது. தோட்டத்துக்குக் கமுகங்கன்று வேண்டுமென்று இணையத்தில் வெறுமனே ‘அரிக்கா பாம்’ என்று தேடி ஆர்டர் போட்டால், வந்து சேர்வது பெரும்பாலும் அந்த அலங்காரச் செடியாகத்தான் இருக்கும். ‘நட்’ என்ற சொல்லையோ அறிவியல் பெயரையோ சேர்த்துத் தேடுங்கள். பாக்கை ‘பீட்டல் நட்’ என்பதும் வழக்கில் உண்டு. ஆனால் ‘பீட்டல்’ என்பது வெற்றிலை. கணக்குக்கும் விலைப்பட்டியலுக்கும் ‘அரிக்கா நட்’ என்பதே சரி.

கூந்தற்பனை ‘ஃபிஷ்டெயில் பாம்’. இலையின் நுனி மீன்வால் மாதிரி இருப்பதால் வந்த பெயர். தாளிப்பனை ‘டாலிபாட் பாம்’. வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும் மரம் அது. ஈச்சை ‘வைல்ட் டேட் பாம்’, பேரீச்சை ‘டேட் பாம்’. எண்ணெய்ப்பனை ‘ஆயில் பாம்’. அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா.

பெயரில் ‘பாம்’ இருந்தும் பாம் அல்லாத செடிகள் உண்டா?

உண்டு. ‘சேகோ பாம்’ என்று தொட்டியில் விற்கப்படுவது சைக்கஸ். அதற்குப் பூவே கிடையாது, பூக்காமலே விதை வைக்கும். ‘டிராவலர்ஸ் பாம்’ வாழைக்கு உறவான மரம். நம் கடலோரத் தாழையைப் பார்த்ததும் அதையும் பாம் என்று எழுதிவிடுகிறார்கள். அதன் ஆங்கிலப் பெயர் ‘ஸ்க்ரூ பைன்’, குடும்பமும் வேறு.

எப்படி உச்சரிப்பது? ‘பால்ம்’ என்று சொன்னால் தப்பா?

மரத்துக்கும் சரி, உள்ளங்கைக்கும் சரி, ‘பாம்’தான். எல் எழுத்து பொதுவாக ஒலிக்காது. ‘காம்’ (அமைதி), ‘பாம்’ (தைலம்), ‘சாம்’ (சங்கீதம்), ‘ஹாஃப்’ (பாதி) எல்லாம் இதே வரிசை.

இதே சொல்லிலிருந்து பிறந்த எல்லாச் சொற்களுக்கும் இந்த விதி பொருந்தாது என்பதுதான் சிக்கல். கைரேகை பார்ப்பவரான ‘பாமிஸ்ட்’டில் எல் ஒலிக்காது. ஆனால் ‘பால்மைரா’, ‘பால்மேட்’, ‘பால்மர்’, ‘பால்மிடேட்’ ஆகியவற்றில் நன்றாகவே ஒலிக்கும். எளிய அடையாளம்: நாவில் லத்தீன் வாடை வீசும் நீண்ட சொற்களில் எல் உயிரோடிருக்கும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு தொல்லை சேருகிறது. வலி போக்கும் ‘பெயின் பாம்’, வெடிக்கும் ‘பாம்’, மரமான ‘பாம்’ மூன்றையும் நாம் ஒரே எழுத்தில்தான் எழுதுகிறோம். பேசும்போது வேறுபடுத்திக் காட்ட: மரத்துக்கு உதட்டிலிருந்து காற்று வெடித்து வர வேண்டும், அதாவது ‘பல்’ என்பதில் வரும் ப. தைலத்துக்கு ‘பாக்கி’ என்பதில் வரும் மெத்தென்ற ப, நெடில். வெடிகுண்டுக்கு அதே மெத்தென்ற ப, ஆனால் குறில். இங்கிலாந்து ஒலிப்பில் அது கிட்டத்தட்ட ‘பொம்’. விமான நிலையச் சோதனையில் பையிலிருக்கும் பொருளை ஆங்கிலத்தில் சொல்லும்போது இந்த வேறுபாடு முக்கியம். ‘பால்மைரா ஜாக்கரி’ என்று முழுசாகச் சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை.

கருப்பட்டி, அக்கானி, நுங்கு எல்லாவற்றையும் லேபிளில் எப்படி எழுதுவது?

இதற்குத்தான் மிக நீளமான பதில் தேவை, ஏனென்றால் இங்கே தவறினால் சரக்கு நிற்கும்.

முதலில் கருப்பட்டி. வெறும் ‘ஜாக்கரி’ என்றால் வடக்கே கரும்பு வெல்லம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘பாம் ஜாக்கரி’ என்று எழுதினால் கரும்பு இல்லை என்பது புரியும், எந்த மரம் என்பது புரியாது. வங்காளத்தில் அது ஈச்சம்பாகு. இலங்கையில் கித்துல் என்ற கூந்தற்பனையின் பாகு. இந்தோனேசியா பக்கம் ‘பாம் ஷுகர்’ என்றால் தென்னம்பாகோ வேறொரு பனையின் பாகோ ஆகலாம். இன்னொரு இடையூறும் உண்டு. காடழிப்புக் காரணமாகப் பாமாயிலைத் தவிர்க்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள், ‘பாம்’ என்ற எழுத்தைக் கண்டதும் பொட்டலத்தைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பனைக்கும் அந்த எண்ணெய்க்கும் தொடர்பில்லை என்று அவர்களுக்கு விளக்க லேபிளில் இடமிருக்காது.

ஆகவே முகப்பில் ‘பால்மைரா ஜாக்கரி’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அதன் கீழே ‘கருப்பட்டி’ என்ற பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். அந்தப் பெயரைத் தேடி வாங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். மூலப்பொருள் வரியில் ‘பால்மைரா சாப்’, அதாவது பனஞ்சாறு, என்று எழுதுங்கள். சுக்கு, மிளகு, ஏலம் சேர்த்த சில்லுக்கருப்பட்டி என்றால் அவற்றையும் எடை அதிகமானது முதலில் வரும்படி வரிசையாக எழுத வேண்டும். சீனி கலந்திருந்தால் ‘ஷுகர்’ என்று எழுதியே தீர வேண்டும். ‘ஷுகர் ஃப்ரீ’ என்று ஒருபோதும் போடாதீர்கள்: கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சர்க்கரை நோயாளி ஒருவர் அந்தச் சொல்லை நம்பி வாங்கினால் அவர் உடம்புக்குக் கேடு. ‘நோ ஆடட் ஷுகர்’ என்ற தொடருக்கும் தனி விதிமுறை இருக்கிறது. உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கேட்காமல் அச்சடிக்க வேண்டாம்.

அக்கானி, அதாவது பதநீர், ‘ஃப்ரெஷ் பால்மைரா சாப்’ அல்லது ‘பால்மைரா நீரா’. ‘பாம் ஒயின்’ என்று சில அகராதிகள் கொடுக்கும். அது புளித்த கள்ளுக்கான பெயர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் இறக்கியது அக்கானி. சுண்ணாம்பு இல்லாமல் விட்டால் கள். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பதால், ஒரு சொல் மாறினால் சட்டச் சிக்கல் வரை போகும். ‘டாடி’ என்ற சொல்லும் இங்கே வேண்டாம்.

நுங்குக்கு ‘ஐஸ் ஆப்பிள்’ என்ற பெயர் ஊன்றிவிட்டது. ஆப்பிளுக்கும் அதற்கும் உறவில்லை என்றாலும், கடைகளில் எல்லோருக்கும் புரிகிற பெயர் அதுதான், வைத்துக்கொள்ளலாம். ‘பால்மைரா ஃப்ரூட்’ என்று எழுதினால் பழுத்த பனம்பழம் என்று பொருள் மாறிவிடும். பனங்கிழங்கு ‘பால்மைரா ஸ்ப்ரவுட்’: விதை முளைத்து மண்ணுக்குள் இறங்கும் முளை அது, வேர் இல்லை. ‘ரூட்’ என்று எழுதுவது தப்பு. மாவாக்கி விற்றால் ‘பால்மைரா ஸ்ப்ரவுட் ஃபிளவர்’. மாவுக்கும் பூவுக்கும் ஒலி ஒன்று, எழுத்து வேறு என்பதால் அச்சுக்குப் போகும் முன் எழுத்துக்கூட்டைப் பாருங்கள். பனங்கற்கண்டு ‘பால்மைரா கேண்டி’. ‘கேண்டி’ என்றால் மிட்டாய் என்று நினைக்கும் அமெரிக்கர்களுக்காக ‘கிரிஸ்டல்ஸ்’ என்பதையும் சேர்க்கலாம்.

தும்பு விஷயம்: தென்னந்தும்புக்கு மட்டும்தான் ‘காயர்’. பனந்தும்பை ‘பால்மைரா ஃபைபர்’ என்றே எழுத வேண்டும். இரண்டும் கலந்த துடைப்பத்துக்கு ‘காயர் ப்ரூம்’ என்று பெயர் வைப்பது வாங்குபவரை ஏமாற்றுவது.

பாமாயிலைப் ‘பனை எண்ணெய்’ என்று மொழிபெயர்க்கலாமா?

கூடாது. நம் பனையிலிருந்து வியாபாரத்துக்கு எண்ணெய் எடுப்பதில்லை. அது எண்ணெய்ப்பனையின் எண்ணெய், அல்லது வழக்கத்தில் உள்ளபடி பாமாயில்.

ஒரே பழத்திலிருந்து இரண்டு எண்ணெய் வருகின்றன. சதையிலிருந்து வருவது ‘பாம் ஆயில்’. உள்ளே இருக்கும் பருப்பிலிருந்து வருவது ‘பாம் கெர்னல் ஆயில்’. முதலாவதில் பால்மிடிக் அமிலம் பத்தில் நான்கு பங்குக்கு மேல். இரண்டாவதில் லாரிக் அமிலம் மிகுதி, அந்த வகையில் அது தேங்காயெண்ணெய்க்கு நெருக்கம். சோப்பு, பிஸ்கட் கிரீம் உறைகளில் இந்த இரண்டாவது பெயரைப் பார்க்கலாம். பாமாயிலைக் குளிர்வித்துப் பிரித்தால் மேலே நிற்கும் திரவம் ‘பாமோலின்’, அடியில் உறைவது ‘ஸ்டியரின்’. ரேஷன் கடைப் பாக்கெட்டில் இருப்பது பாமோலின்.

தென்னையும் பாம்தானே, தேங்காயெண்ணெயைப் பாம் ஆயில் என்று சொல்லலாமா என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. தர்க்கம் சரி, வழக்கு தவறு. தேங்காயெண்ணெய்க்கு எப்போதும் ‘கோகனட் ஆயில்’ மட்டுமே.

உறையில் ‘வைட்டமின் ஏ பால்மிடேட்’ என்று கண்டால் அது பாமாயில் கலந்ததற்கு அடையாளம் ஆகாது. ‘பால்மிடேட்’ என்பது பால்மிடிக் அமிலத்திலிருந்து வரும் சேர்மம். அந்த அமிலத்துக்குப் பாம் எண்ணெயின் பெயர் சூட்டப்பட்டது, அவ்வளவுதான். அந்த அமிலம் நெய்யிலும் இறைச்சிக் கொழுப்பிலும்கூட உண்டு.

உள்ளங்கைக்கும் மரத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது?

லத்தீனில் ‘பால்மா’ என்றால் உள்ளங்கை. விரித்த கைபோல ஓலை விரிவதால் மரத்துக்கும் அதே பெயரை ரோமர்கள் வைத்தார்கள். மரத்தின் பெயர் லத்தீனிலிருந்து மிகப் பழைய காலத்திலேயே ஆங்கிலத்துக்கு வந்தது. கையின் பெயர் பின்னால் பிரெஞ்சு வழியே வந்தது. பிரெஞ்சில் எல் தேய்ந்து ‘போம்’ ஆகியிருந்ததை, ஆங்கிலேயர் லத்தீனைப் பார்த்து எல் எழுத்தை எழுத்தில் மட்டும் திரும்பச் சேர்த்தார்கள். அது ஒலிக்காமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயிரியல் தேர்வில் தென்னை ஓலை ‘பால்மேட்’டா?

இல்லை, ‘பின்னேட்’. நடு மட்டையின் இருபுறமும் இறகு மாதிரி பிரிந்து போனால் பின்னேட். ஒரே புள்ளியிலிருந்து விரல்போல விரிந்தால் பால்மேட். பனை விசிறி வடிவம், அது பால்மேட் பக்கம். மரச்சீனி இலையும் ஆமணக்கு இலையும் பால்மேட் வகையைச் சேர்ந்தவை. அவை பாம் குடும்பமே இல்லை. ஆக ‘பால்மேட்’ என்ற சொல்லில் நினைக்க வேண்டியது கையை, மரத்தை அல்ல. இந்த ஒன்றை மறந்து மதிப்பெண் இழக்கிறவர்கள் நிறைய.

முழு ஓலைக்கு ‘ஃப்ராண்ட்’ அல்லது ‘லீஃப்’. அதில் பிரியும் கீற்று ‘லீஃப்லெட்’. ஈர்க்கில் ‘மிட்ரிப்’. மட்டை ‘பெட்டியோல்’ அல்லது எளிதாக ‘ஸ்டாக்’. ஓலைச்சுவடி ‘பாம் லீஃப் மேனுஸ்கிரிப்ட்’. இங்கே மரப்பெயர் இல்லாமல் எழுதுவது உலக வழக்கம், மாற்ற வேண்டாம்.

வினைச்சொல்லாக எப்படி வரும்?

கால்பந்து வர்ணனையில் தினமும் கேட்கலாம். தூத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்: ‘த கீப்பர் பாம்டு இட் ஓவர் த பார்’ என்றால், பந்தைப் பிடிக்காமல் உள்ளங்கையால் தட்டிக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். முஷ்டியால் குத்தினால் ‘பஞ்ச்டு’. பிடித்தால் ‘காட்’. மந்திர வித்தைக்காரர் நாணயத்தை உள்ளங்கையில் ஒளிப்பதும் ‘பாம்’ என்ற வினைதான்.

‘பாம் ஆஃப்’ என்றால் ஒன்றுக்கும் உதவாத பொருளை இன்னொருவர் தலையில் கட்டுவது. ‘ஹி பாம்டு த ஓல்டு பைக் ஆஃப் ஆன் மீ’: பழைய பைக்கை என் தலையில் கட்டிவிட்டார். ‘ஆஃப்’ போனால் பொருளே போய்விடும். யார் தலையில் என்பதற்கு முன்னால் ‘ஆன்’ அல்லது ‘ஆன்ட்டு’ வர வேண்டும், ‘டு’ வராது.

மரபுத்தொடர்களை அப்படியே மாற்றலாமா?

‘உள்ளங்கை நெல்லிக்கனி போல’ என்பதைப் ‘இன் த பாம் ஆஃப் த ஹேண்ட்’ என்று மாற்றுவதுதான் மிக அதிகமாகக் காணும் பிழை. நமக்கு அது ஐயமில்லாத தெளிவு. ஆங்கிலத்தில் அந்தத் தொடர் ஒருவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டிவைப்பது. மேடையில் ஒருவரைப் பாராட்ட நினைத்து இதைச் சொன்னால், சபையை ஏமாற்றி வைத்திருக்கிறார் என்றுகூடக் கேட்கிறவர் எடுத்துக்கொள்ளலாம். ‘ஆஸ் கிளியர் ஆஸ் டே’ என்று எழுதுங்கள்.

உள்ளங்கை அரித்தால் காசு வரும் என்பது நம் நம்பிக்கை. ஆங்கிலத்திலும் அப்படியொரு நம்பிக்கை உண்டு, ஆனால் ‘இச்சிங் பாம்’ என்ற தொடர் பணத்தாசையை, குறிப்பாக லஞ்ச ஆசையைக் குறிக்கும். விளையாட்டாகக்கூட ஓர் அதிகாரியிடம் சொல்லக்கூடாது. ‘கிரீஸ் சம்ஒன்ஸ் பாம்’ நேரடியாகக் கையூட்டு.

‘கேரி ஆஃப் த பாம்’ என்ற பழைய தொடர் இவற்றில் அழகானது. ரோமில் வென்றவருக்குப் பேரீச்சை ஓலை கொடுத்தார்கள். நாம் வாகைப்பூ சூடினோம். ஆகவே ‘வாகை சூடினார்’ என்பது இதற்கு அச்சொட்டான தமிழ். கான் திரைப்பட விழாவின் ‘பாம் தோர்’ விருதும் தங்க ஓலைதான், ஆனால் அது கான் நகரச் சின்னத்தில் உள்ள ஓலையிலிருந்து வந்தது. இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் இந்தத் தொடர் அரிது; பரிசளிப்பு விழா அழைப்பிதழில் ‘வின்’ போதும்.

குருத்தோலை ஞாயிறு நோட்டீஸில் என்ன எழுதுவது?

‘பாம் சண்டே’, இரண்டு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. கையில் பிடிக்கும் ஓலைகளை ‘பாம்ஸ்’ என்று பன்மையில் சொன்னாலே போதும். ‘பிளெஸ்ஸிங் ஆஃப் பாம்ஸ்’ என்றால் குருத்தோலைகளை மந்திரிப்பது, அதையடுத்து வருவது ‘ப்ரொசெஷன்’. இங்கே யாரும் உள்ளங்கை என்று எண்ணமாட்டார்கள்.

யோவான் நற்செய்தி 12ஆம் அதிகாரம் சொல்வது எருசலேமின் பேரீச்சை ஓலை. குமரியில் தென்னங்குருத்தோ பனங்குருத்தோ கிடைப்பதைப் பிடிக்கிறோம். ஆங்கிலத்தில் மூன்றுக்குமே ‘பாம்ஸ்’ பொருந்துவது இந்தச் சொல்லின் வசதி. பழைய ஓலைகளை எரித்து அடுத்த ஆண்டுச் சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுக்கும் வழக்கமுள்ள ஆலயங்களில், ஓலைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் அறிவிப்பை ‘பிளீஸ் ரிட்டர்ன் லாஸ்ட் இயர்ஸ் பாம்ஸ்’ என்று எழுதலாம்.

மருத்துவமனைப் பேச்சில்?

உள்ளங்கை ‘பாம்’, உள்ளங்கால் ‘சோல்’. கையை மேல்நோக்கி வைக்கச் சொல்ல ‘பாம் அப்’, கவிழ்க்க ‘பாம் டவுன்’. அறிக்கையில் உரிச்சொல் ‘பால்மர்’. வெளிநாட்டுக்குச் செவிலியர் வேலைக்குப் போகிறவர்கள் இந்த ஐந்தையும் பழகிக்கொண்டால் போதும்.

நம் பக்கச் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போயிருக்கின்றனவா?

நிறைய. ‘காயர்’ நம் கயிறு, ‘கொப்ரா’ கொப்பரை, ‘ஓலா’ ஓலை, ‘அரிக்கா’ மலையாளத்து அடக்கா. ‘ஜாக்கரி’ மலையாளத்துச் சக்கரையிலிருந்து. பெரும்பாலானவை போர்த்துகீசியக் கப்பலேறிப் போனவை. ‘பால்மைரா’ மட்டும் மறுதிசை: போர்த்துகீசியத்தில் பாம் மரத்தைக் குறிக்கும் ‘பல்மெய்ரா’ என்ற பொதுப்பெயர் நம் பனைக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் அதன் எழுத்துக்கூட்டு, சிரியாவில் உள்ள பழைய நகரமான பால்மைராவைப் போல மாறிவிட்டது.

இதனால் ஒரு நடைமுறைத் தொல்லை. இணையத்தில் ‘பால்மைரா’ என்று மட்டும் தேடினால் அந்த நகரத்தின் இடிபாடுகள்தான் முதலில் வரும். கூடவே ‘ட்ரீ’ அல்லது ‘பொராசஸ்’ என்று சேர்த்துத் தேடுங்கள். கருப்பட்டி விற்கும் பக்கமானால் தலைப்பிலேயே ‘பால்மைரா’, ‘ஜாக்கரி’, ‘கருப்பட்டி’ மூன்றும் வரும்படி எழுதுங்கள். கருப்பட்டியின் ஆங்கில எழுத்துக்கூட்டைப் பலர் பலவிதமாகத் தட்டச்சு செய்வதால், ஒற்றை ‘டி’, இரட்டை ‘டி’ இரண்டு வடிவத்தையும் விளக்கப் பகுதியில் ஒருமுறையாவது கொடுத்துவிடுங்கள்.